ஆறாம் வகுப்புப் பெற்றோருக்கு: வீட்டுக்கு வரும் தண்ணீர்க் கணக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்த வாரம் உங்கள் பிள்ளை சமையலறைப் பாத்திரங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினால், தயவுசெய்து திட்டாதீர்கள். அது நாங்கள் கொடுத்தனுப்பிய கணக்கு. அடியில் ஒரு பெரிய வாளியை வைத்துக்கொண்டால் தண்ணீர் வீணாகாது.

வகுப்பில் செய்து பார்த்தது இதுதான். 3 லிட்டர் கேன் ஒன்று, 5 லிட்டர் கேன் ஒன்று. இரண்டிலும் அளவுக்கோடு கிடையாது. சரியாக 4 லிட்டர் எடுக்க வேண்டும். ஐந்தை நிரப்பி மூன்றில் ஊற்றினால் 2 மிஞ்சும் என்பதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம் அப்படியே நின்றுவிட்டார்கள். மூன்றில் உள்ளதைக் கொட்டிவிட்டு, அந்த 2 லிட்டரை அதில் மாற்ற வேண்டும். ஆனால் பாடுபட்டு அளந்ததைக் கொட்ட யாருக்கும் மனசு வரவில்லை. ஒரு மாணவிதான், "இதக் கொட்டிடலாமா சார்?" என்று தயங்கிக் கேட்டாள். பிறகு மளமளவென்று நடந்தது. ஐந்தை மறுபடி நிரப்பினார்கள். மூன்றில் 1 லிட்டருக்குத்தான் இடம் இருந்தது. அதை ஊற்றியதும் ஐந்தில் 4 நின்றது. அந்தத் தயக்கத்துக்கும் கேள்விக்கும் இடையிலான சில நிமிடங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். அதனால்தான் கேட்கிறேன்: விடை தெரிந்தாலும் சொல்லிவிடாதீர்கள், கைபேசியில் தேடவும் விடாதீர்கள்.

வீட்டுக்கு இரண்டு கணக்குகள். லிட்டர் கணக்கில் பாத்திரம் இல்லையென்றால் டம்ளர் கணக்கில் பிடிக்கும் பாத்திரங்களே போதும்.

முதல் கணக்கு மிகப் பழையது. 13ஆம் நூற்றாண்டில், ஜெர்மனியின் ஸ்டாடே ஊரைச் சேர்ந்த ஆல்பர்ட் என்ற துறவி எழுதிய வரலாற்று நூலில் இது இருக்கிறது. 8 பிடிக்கும் பாத்திரம் நிறைந்திருக்கிறது; 5, 3 பிடிக்கும் பாத்திரங்கள் காலி. ஒரு சொட்டும் கொட்டாமல் நான்கு நான்காகப் பிரிக்க வேண்டும். 7 முறை ஊற்றினால் முடிந்துவிடும். கூடுதலாக ஆனாலும் சரிதான்.

இரண்டாவது, 6 லிட்டரையும் 4 லிட்டரையும் வைத்து 3 லிட்டர் எடுப்பது. பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது, இது முடியாது. நிரப்பினாலும் கொட்டினாலும் மாற்றினாலும் இரட்டைப்படை அளவுதான் வரும். "முடியவில்லை" என்பதிலிருந்து "முடியாது, ஏனென்றால்..." என்பதற்குப் பிள்ளை தானாக வந்து சேர வேண்டும். அடுத்து நடத்தப்போகும் மீப்பெரு பொதுக் காரணி, அதாவது இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண், இதற்குள்தான் இருக்கிறது. 3, 5 ஆகிய எண்களுக்கு அது 1. 6, 4 ஆகிய எண்களுக்கு 2.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் காலத்து அளவைகளில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. படியையும் உழக்கையும் மட்டும் கொடுத்து ஓர் ஆழாக்கு கேட்டால், இதே முட்டுக்கட்டைதான் வரும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நேரான உருளைப் பாத்திரத்தை நிரப்பி, தண்ணீர் ஒரு பக்கம் விளிம்பையும் மறுபக்கம் அடி ஓரத்தையும் தொடும்வரை சாய்த்தால் சரிபாதி நிற்கும். எந்தப் பிள்ளையாவது இப்படி ஆறிலிருந்து 3 எடுத்துக் காட்டினால், விதியை மீறியதாகச் சொல்லி மறுக்காதீர்கள். அதையும் தாளில் படம் வரைந்து திங்கட்கிழமை கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்