பேரா, வேரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில், ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்று நாம் வழங்குவது பிழை என்றும், ‘ஆயிரம் வேரைக் கொன்றவன்’ என்பதே முன்னோர் சொன்னது என்றும் ஒரு குறிப்பு வெளியாகியிருந்தது. அதை உரக்கப் படித்த என் பேத்தி, “வேரை எப்படித் தாத்தா கொல்லுவாங்க?” என்று கேட்டாள்.

தமிழில் வேரைப் பறிப்போம், அகழ்வோம், களைவோம், கொல்வதில்லை. இந்த இடறல் திருத்தியவர்களுக்கும் உறைத்திருக்க வேண்டும். சிலர் ‘வேரைக் கண்டவன்’ என்று மறுபடியும் மாற்றிச் சொல்கிறார்கள். மூலத்தைக் கண்டெடுத்தவர்களுக்குள்ளேயே பாடபேதம்! ஆயிரம் உயிர் போன பிறகும் அவன் அரை வைத்தியன்தான் என்ற குத்தலில் அல்லவா அந்தப் பழமொழியின் உப்பு இருக்கிறது? பேரை எடுத்துவிட்டு வேரை வைத்தால், மூலிகைப் பாடம் மட்டுமே மிஞ்சும்.

‘சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்’ என்பதற்கும் இதே கதிதான். சட்டி என்பது சஷ்டியாம். அகப்பை என்பது கருப்பையாம். விரதம் இருந்தால் பிள்ளை பிறக்கும் என்பது பொருளாம். என் மனைவி சஷ்டி விரதம் தவறாதவர். எனக்கு விரதத்தோடு வழக்கில்லை. ஆனால் குழம்புச் சட்டியின் அடியில் கொட்டாங்கச்சி அகப்பை கரகரவென்று உரசும் ஓசையைக் கேட்ட எவருக்கும் அந்தப் பழமொழிக்கு உரை தேவைப்படாது. ஆற்றில் இறக்கிய ‘மண்குதிரை’யையும் ‘மண்குதிர்’ ஆக்கி மணல்திட்டு என்கிறார்கள். குதிர் என்றால் எங்கள் பக்கத்தில் நெல் கொட்டி வைப்பது.

எல்லாப் புதுவிளக்கமும் தவறு என்று சாதிக்கவில்லை. ‘நாயைக் கண்டால் கல்லைக் காணோம்’ என்பது கல்லில் செதுக்கிய நாயைப் பற்றியது என்பதை, திருமந்திரத்தின் ‘மரத்தை மறைத்தது மாமத யானை’ (மரயானையை யானையாகவே பார்த்தால் மரம் தெரியாது) என்ற அடியை நினைத்துப் பார்க்கும்போது என்னால் ஏற்க முடிகிறது. அங்கே ஓர் எழுத்தும் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கிறித்தவப் பாதிரியார் பெர்சிவல் 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டார்; இன்னொரு பாதிரியாரான ஜென்சனின் தொகுப்பு 1897இல் வந்தது. ‘உண்மையான வடிவம்’ என்று ஒன்றை அச்சேற்றுமுன் இவற்றையாவது புரட்டிப் பார்க்குமாறு சிறுவர் பகுதிப் பொறுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கிடையே என் பேத்தி பள்ளித் தேர்வில் ‘பேரை’ என்றே எழுதி ஒரு மதிப்பெண்ணை இழந்து வந்தாள். வகுப்பாசிரியைக்கு இரண்டு பக்கத்தில் கடிதம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
கும்பகோணம்.