பெட்டி ஏறலைன்னு பெல்ட்டு பக்கத்துல வச்சா சொல்றது?

கல்ஃப்ல இருந்து திருச்சிக்கு ஃப்ளைட் விடுற ஏர்லைன்ஸ்காரங்களுக்கு,

வணக்கம் சார். போன மாசம் ரெண்டு வருசம் கழிச்சு லீவுல வந்தேன். ராத்திரி பூரா ரூம்ல இருக்கவங்க நாலு பேரு சேந்து பெட்டி கட்டி, கயிறு போட்டு, மார்க்கர்ல நாலு பக்கமும் பேர் எழுதி, தூக்கு தராசு 29.8 காட்டுனப்புறம்தான் படுத்தோம். உங்க கவுண்டர் மெஷின்ல அது 31. ஒரு கிலோ பேரீச்சம்பழத்த வெளிய எடுக்க சொன்னீங்க, எடுத்தேன், தப்பில்ல. திருச்சில எறங்கி பெல்ட்டு பக்கத்துல ஒன்றரை மணி நேரம் நின்னப்புறம் உங்க ஆளு வந்து "லோடு பிரச்சன, முப்பது பெட்டி அங்கயே நிக்குது"ங்கிறாரு.

எடை கணக்கு எங்களுக்கும் புரியும் சார். 180 சீட்டு, ஆளுக்கு 30 கிலோன்னா பெட்டி மட்டுமே 5,400 கிலோ, கையில வர்ற 7 கிலோவ சேத்தா 6,660. அந்த ஊரு வெயில்ல காத்து லேசாயிரும், பிளேனுக்கு தூக்குற தெம்பு கொறையும், இங்க திருச்சில மழைன்னா மதுரைக்கோ சென்னைக்கோ திருப்புறதுக்கு ஃப்யூல் கூட போடணும், அந்த எடைக்கு எதையாச்சும் எறக்கித்தானே ஆகணும். ஆனா அதே வயித்துல கார்கோவும் வருதே, அத முதல்ல எறக்குனீங்களான்னு கேட்டேன், பதில் இல்ல.

என் கோவம் அதுக்கு கூட இல்ல. பெட்டி ஏறுச்சா இல்லையான்னு கணக்கு வைக்கணும்னு உலக ஏர்லைன்ஸ் சங்கமான ஐயாட்டாவோட 753ஆம் நம்பர் தீர்மானம் 2018 ஜூன்லயே வந்தாச்சு. கதவு சாத்துறதுக்குள்ள என்னென்ன எடை ஏறிருக்குன்னு காட்டுற லோடு ஷீட்டு கேப்டன் கைக்கு போயிருது. அப்போ நான் சீட் பெல்ட் மாட்டுறப்பவே என் பெட்டி தரையில நிக்கிறது உங்களுக்கு தெரியும். தினம் ரெண்டு ஆஃபர் மெசேஜ் அனுப்புற அதே நம்பருக்கு இத ஒரு வரி அனுப்புனா என்ன? வீட்ல இருந்து வேன் புடிச்சு வந்தவங்கள திரும்பி போக சொல்லியிருப்பேன்ல.

கேட்டவங்களுக்கு மட்டும் பெட்டி வரலன்னு பதிஞ்சு தர்ற பிஐஆர் பேப்பர் குடுத்தீங்க, பாதி பேரு வெறுங்கையோட கெளம்பிட்டாங்க. பெட்டி லேட்டானா, அது கைக்கு வந்த நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள எழுதிக் குடுத்து செலவ கேக்கலாம்னு வெளிநாட்டு விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தத்துல இருக்கு, அத சொல்ல அங்க ஒரு போர்டு கூட கெடையாது.

என் பெட்டி நாலாம் நாள் வந்துச்சு. கஸ்டம்ஸ் இருக்கு, நேர்ல வாங்கன்னீங்க. புதுக்கோட்டைல இருந்து கார் வாடகை 2,500 ரூபா, பில் இருக்கு, எந்த மெயிலுக்கு அனுப்பணும்னு மட்டும் சொல்லுங்க.