வாணிக்கு: கப்பலுக்கு எந்தப் பேப்பர் கொண்டுபோறது

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்பின் வாணி,

உன்ர வொய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டன், கடைசியா அனுப்பினதில பாதி சின்னவன்ர சத்தம்தான். வட்சப்பில பதில் சொல்ல வெளிக்கிட்டா துண்டு துண்டாப் போயிடும், நீயும் வேலை நேரத்தில பாத்திட்டு விட்டிடுவாய், அதான் ஒரேயடியா நீளமா எழுதுறன், ஆறுதலா இருந்து வாசி.

இஞ்ச புதினம் பெரிசா ஒண்டுமில்ல. மழை பெஞ்சா வெள்ளம், வெயில் எறிச்சா புழுக்கம், காலி வீதியில ட்ரஃபிக் எப்பவும் போல. இவருக்கு பென்சன் எடுத்த பிறகு வீட்டில இருக்கேலாம எனக்குச் சமையல் படிப்பிக்கிறார். வெள்ளிக்கிழமை பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில அன்ரியைக் கண்டனான், முழங்கால் நோவெண்டு சொல்லிக்கொண்டே மூண்டு சுத்துச் சுத்தினவ. "பிள்ளை, வாணி என்னைக் கப்பலில கொண்டுபோகப் போறாளாம், வெள்ளிக்கிழமையில மரக்கறிச் சாப்பாடு குடுப்பாங்களோ" எண்டுதான் முதல் கேள்வி. குடுப்பாங்கள், இப்பவே கப்பல் கொம்பனிக்குச் சொல்லிவிடு, கப்பலில போய் நிண்டு கேட்டா உருளைக்கிழங்கும் சலாட்டும்தான் வரும்.

சரி, விசயத்துக்கு வாறன். நீங்கள் போகப்போற உல்லாசக் கப்பலுக்கு டிரைவிங் லைசென்ஸும் பிறப்புப் பத்திரமும் காணும் எண்டு உன்ர வேலை இடத்தில ஆரோ சொன்னவை, பிறகேன் பாஸ்போட் புதுப்பிக்க 130 டொலர் குடுப்பான் எண்டு கேட்டாய் எல்லே. சொன்ன ஆள் பொய் சொல்லேல்ல. அமெரிக்காவில ஒரு துறைமுகத்தில வெளிக்கிட்டு அதே துறைமுகத்துக்குத் திரும்பி வாற கப்பலெண்டா, அமெரிக்க சிட்டிசன் பிறப்புப் பத்திரத்தோட அரசாங்கம் குடுத்த ஃபோட்டோ ஐடி ஒண்டும் காட்டி ஏறலாம். 2009 ஜூன் 1இல கடல் வழிக்கும் தரை வழிக்கும் சட்டத்தை இறுக்கேக்க குரூஸ் போற சனத்துக்கு விட்டுக்குடுத்த சலுகை அது. நீங்கள் ஃபுளோரிடாவில, ஃபோர்ட் லோடர்டேலில இருக்கிற போட் எவர்க்ளேட்ஸ் துறைமுகத்தில ஏறி மெக்சிகோவின்ர கொசுமெல் தீவுப் பக்கம் போட்டு அங்கயே திரும்பி இறங்குறபடியா உங்கட பயணமும் அதுக்குள்ள வரும்தான். ஆனா அந்தாள் நியூ ஜேர்சியில பிறந்த ஆளா இருக்கும். நீ யாழ்ப்பாணத்தில பிறந்தனி. உன்ர பிறப்புப் பத்திரம் ஆரோ பதிவுகாரர் மையால தமிழில எழுதினது, அதை ஃபோர்ட் லோடர்டேலில கவுண்டரில நிக்கிற பெட்டையிட்ட நீட்டினா அவள் என்ன செய்வாள், மொழிபெயர்த்துக் குடுத்தாலும் நீ சிலோனில பிறந்தனி எண்டுதான் அது சொல்லும், அமெரிக்க சிட்டிசன் எண்டு சொல்லாது. உன்னைப்போல பேந்து சிட்டிசன் ஆன ஆக்கள் அதுக்குப் பதிலா நச்சுரலைசேசன் சேட்டிபிக்கட் ஒரிஜினலைக் காட்டவேணும். அந்த ஒரிஜினலை பீச்சுக்கும் பூலுக்கும் போற பாக்கில வச்சுக்கொண்டு திரியப் போறியா? துலைஞ்சா திருப்பி எடுக்கிற செலவு பாஸ்போட்டை விடப் பலமடங்கு. பேசாமல் பாஸ்போட்டைப் புதுப்பி.

பிள்ளையளுக்கு அந்தச் சலுகை சரிவரும், அங்க பிறந்ததுகள்தானே. சின்னவனுக்கு பன்ரண்டு வயசு, 16க்குக் கீழ எண்டபடியா பிறப்புப் பத்திரம் மட்டும் காணும். மூத்தவளுக்கு 17 ஆச்சு, அவளுக்கு ஃபோட்டோ ஐடியும் வேணும். அதோட ஒண்டைக் கவனி, ஆஸ்பத்திரியில பிள்ளை பிறந்தோடன வடிவா ஒரு பேப்பர் தருவாங்கள், குட்டிக் கால் ரெண்டையும் மையில தோய்ச்சுப் பதிச்சு, ஓரத்தில பூப் போட்டு, நீ அதைத்தானே ஃபிரேம் போட்டு ஹோலில கொழுவி வச்சிருக்கிறாய், எனக்குக்கூட ஒருக்கா ஃபோட்டோ அனுப்பினனி. அது செல்லாது. ஸ்டேட்டோ சிட்டியோ குடுத்த, சீல் உள்ள பத்திரம்தான் வேணும். அது உன்னட்ட இருக்கோ எண்டு இண்டைக்கே தேடிப்பார்.

இனி என்ர அபிப்பிராயம். கப்பலில ஏற்றுற பேப்பர் வேற, ஏதும் பிழைச்சா வீட்ட கொண்டுவந்து சேர்க்கிற பேப்பர் வேற. கொசுமெல்லில இறங்கி நீங்கள் சாமான் வாங்கி முடிக்க நேரம் போயிட்டுது, கப்பல் வெளிக்கிட்டிட்டுது எண்டு வை, அல்லது அன்ரிக்கோ பிள்ளைக்கோ சுகமில்லாமல் போய் ஆஸ்பத்திரியில இறக்கிறாங்கள் எண்டு வை. அங்க இருந்து பிளேனிலதான் வரவேணும். பிளேனுக்கு பிறப்புப் பத்திரம் சரிவராது. பாஸ்போட் கார்ட் எண்டு பர்சுக்குள்ள வைக்கிற மாதிரி ஒண்டு குடுக்கினம், விலையும் குறைவு, கப்பலுக்கும் தரை வழிக்கும் அது காணும், ஆனா வெளிநாட்டில இருந்து பறக்க அதாலையும் ஏலாது. ரியல் ஐடி எண்டு லைசென்ஸில நட்சத்திரம் போட்டுத் தாறது அமெரிக்காக்குள்ள பறக்கத்தான், 2025 மே 7இல இருந்து அதைக் கேக்கிறாங்கள் எண்டு நீயே சொன்னனி, நீங்கள் நியூவர்க்கில இருந்து ஃபுளோரிடாவுக்குப் பறக்க அது உதவும், சிட்டிசன் எண்டதுக்கு அது சாட்சி இல்ல. அப்ப பாஸ்போட் இல்லாட்டி எம்பசிக்கு அலைஞ்சு அவசர பாஸ்போட் எடுத்து, ஹோட்டல் காசு, ரிக்கெற் காசு. அதால நான் சொல்லுறது, பிள்ளையளுக்கும் பாஸ்போட் எடு. 16க்குக் கீழ அஞ்சு வருசத்துக்குத்தான் தருவினம், தாய் தகப்பன் ரெண்டு பேற்ற சம்மதமும் வேணும், மனுசனை ஒருநாள் லீவு போடச் சொல்லு.

மனுசன்ர கதைதான் எனக்கு யோசனை. அவரிட்ட கிரீன் கார்ட் இருக்கு, இலங்கைப் பாஸ்போட் எப்பவோ முடிஞ்சுது எண்டாய். திரும்பி அமெரிக்காக்குள்ள வர கிரீன் கார்ட் காணும், ஆனா போற நாட்டுக்காரன் பாஸ்போட் கேட்டா என்ன செய்யிறது, அதால கப்பல்காரனும் ஏறேக்கையே கேப்பான். முடிஞ்ச பாஸ்போட்டோட போய் நிக்காதேங்கோ. எம்பசிக்கூடாகப் போட்டா விண்ணப்பம் இஞ்ச பத்தரமுல்லை பாஸ்போட் கந்தோருக்கு வந்து அச்சாகித் திரும்பப் போகவேணும், அதுக்கு நாள் எடுக்கும். 2024இல இஞ்ச பாஸ்போட் புத்தகமே தட்டுப்பாடாகி சனம் பத்தரமுல்லையில விடிய விடிய ரோட்டில பாய் விரிச்சுப் படுத்தது உனக்கும் தெரியும்தானே. பேந்து 2025இல தலைமைக் காரியாலயத்தை 24 மணித்தியாலமும் திறந்தவங்கள், இப்ப அந்த ரோட்டுப் படுக்கை இல்ல, எண்டாலும் நீ கடைசி மாசம் மட்டும் பாத்துக்கொண்டிராத. மச்சாள் ரொறொன்ரோவில இருந்து வாறா எண்டாய், அவ ஃபுளோரிடாவுக்குப் பறந்து வரவே கனடாப் பாஸ்போட் வேணும், அவவின்ர பக்கம் கரைச்சல் இல்ல.

இப்ப அன்ரி. அவவின்ர பேப்பர் முழுக்க நான் போன கிழமை மேசையில விரிச்சு வச்சுப் பாத்தனான். புது பாஸ்போட் பத்து வருசத்துக்கு, அது பிரச்சினை இல்ல. அமெரிக்க விசா பழைய பாஸ்போட்டில இருக்கு, கேன்சல் சீல் குத்தினதில. விசாப் பக்கம் கிழியாமல் வடிவா இருக்கு, திகதியும் கிடக்கு, மல்டிப்பிள் என்ட்ரி. அதைத்தான் முதல் தேடினனான், ஏனெண்டா கப்பலில மெக்சிகோ போட்டுத் திரும்பி வாறதும் அமெரிக்காக்குள்ள இன்னொருக்கா நுழையிற கணக்குத்தான், ஒருக்கா மட்டும் நுழையிற விசா எண்டா கப்பல் ஆசையை விட்டிருக்க வேணும். மெக்சிகோவுக்கு தனி விசா தேவையில்ல, செல்லுபடியான அமெரிக்க விசா இருந்தா விடுவாங்கள். ஆனா ரெண்டு பாஸ்போட்டும் சேத்துக் கொண்டுபோகவேணும். அன்ரி பழசைக் காட்டி "இது முடிஞ்சது பிள்ளை, என்னத்துக்கு, அலுமாரிக்குள்ள போட்டிட்டுப் போறன்" எண்டவ, நான் ரெண்டுக்கும் ஒரு ரப்பர் பான்ட் போட்டுக் குடுத்திருக்கிறன், நீ போனில கதைக்கேக்க ஒருக்காச் சொல்லு, உன்ர சொல்லுக்குத்தான் மரியாதை.

மற்ற இடறல் பேர். எங்கட ஆக்களுக்கு இது ஒரு தலையிடி, தகப்பன்ர பேர் முன்னால, கலியாணம் கட்டினா புருசன்ர பேர் பின்னால, ஐசியில (அடையாள அட்டையில) ஒரு எழுத்து, பாஸ்போட்டில இன்னொரு எழுத்து. அன்ரிக்குப் பாஸ்போட்டில அங்கிளின்ர முழுப் பேர் குடும்பப் பேரா இருக்கு, நீ புக்கிங்கில போட்டது அதைச் சுருக்கி. அமெரிக்கால இருக்கிற உனக்கு அது சின்ன விசயம், கவுண்டரில ஸ்கேன் பண்ணுற மெசினுக்கு அது வேற ஆள். பாஸ்போட்டில ஃபோட்டோப் பக்கத்தின்ர அடியில ரெண்டு வரி அம்புக்குறி அம்புக்குறியா ஓடுது பார், அதில எப்பிடி இருக்கோ அப்பிடியே எழுத்துப் பிசகாமல் புக்கிங்கில மாத்தச் சொல்லு. இப்பவே சொன்னா அநேகமாச் சும்மா மாத்தித் தருவாங்கள்.

ஐசியையும் கொண்டுபோகட்டோ எண்டு கேட்டவ, வேண்டாம், இஞ்ச வச்சிட்டுப் போகட்டும், அங்க அதை ஒருத்தரும் திரும்பியும் பார்க்கமாட்டினம். (அன்ரி வயசைக் குறைச்சுச் சொல்லுறதுக்கும் அந்த ஐசி விடாது, பழைய நம்பரில முதல் ரெண்டும் பிறந்த வருசம், அடுத்த மூண்டும் வருசத்தில எத்தினையாவது நாள் எண்டது, பொம்பிளையளுக்கு அதோட 500 கூட்டியிருக்கும். நான் கணக்குப் பாத்திட்டன், உனக்குச் சொல்லமாட்டன்.)

எங்கட ட்ராவல்ஸில கஸ்டமர் ஒரு குடும்பம், எங்களிட்ட பிளேன் ரிக்கெற் மட்டும் எடுத்தவை, கப்பல் வேற இடத்தில ஒன்லைனில போட்டவை. சிங்கப்பூரில ஏறி பினாங், புக்கெட் எண்டு போய்த் திரும்புற கப்பல். சிங்கப்பூருக்கு எங்களுக்கு விசா தேவையில்ல, தாய்லாந்தும் 2024 ஜூலையில இருந்து விசா இல்லாமல் விட்டது, மலேசியாவுக்குத்தான் ஈவிசா எடுக்கோணும். அவை என்ன யோசிச்சவை எண்டா, பினாங்கில கப்பலை விட்டு இறங்காமல் உள்ளுக்கயே இருந்தா விசா என்னத்துக்கு எண்டு. கப்பல்காரன் அப்பிடிப் பாக்கிறேல்ல, கப்பல் தொடுற நாடெல்லாத்துக்கும் பேப்பர் சரியா இருக்கோணும், இல்லாட்டி ஏத்தான். கவுண்டரில நிண்டு அந்த மனுசி அழுதவவாம், பிள்ளையள் கண்ணாடிக்குள்ளால கப்பலைப் பாத்துக்கொண்டு நிண்டதுகளாம், காசும் திரும்பி வரேல்ல. அதில இருந்து நான் ஆர் கப்பல் எண்டு வந்தாலும் முதல் கேக்கிறது எந்தெந்த ஊரில நிக்குது எண்டுதான். உன்ர கப்பல் கொசுமெல்லை விட வேற எந்தத் தீவில நிக்குது எண்டு நீ இன்னும் சொல்லேல்ல. அன்ரியும் உன்ர மனுசனும் இலங்கைப் பாஸ்போட், ஒவ்வொரு தீவுக்கும் ஒவ்வொரு சட்டம், கப்பல் கொம்பனிக்கு ஈமெயில் போட்டு ரெண்டு பேருக்கும் என்ன வேணும் எண்டு எழுத்தில எடு. போனில சொல்லுறதை நம்பாத, போனில கதைச்ச ஆள் கவுண்டருக்கு வராது.

ஏறுற அண்டைக்கு முக்கியமா ஒண்டு. கார் நிப்பாட்டுற இடத்திலயே போர்ட்டர்மார் பெட்டியள வாங்கி ஏத்திடுவாங்கள், அது பின்னேரம்தான் ரூமுக்கு வரும். பாஸ்போட்டைப் பெட்டிக்குள்ள வச்சுக் குடுத்திட்டு உள்ளுக்க போய்த் தலையில கை வைக்கிற சனம் ஒவ்வொரு கப்பலிலயும் இருக்கும். எல்லாற்றையும் ஒரு கைப்பைக்குள்ள போட்டு நீயே வச்சிரு, உன்ர மனுசனிட்ட குடுக்காத, அவர் கலியாண வீட்டுக்கே தாலிக்கொடியை மறந்திட்டு வந்த குடும்பம். ஏறினாப் பிறகு கப்பல் கார்ட் ஒண்டு தருவாங்கள், உள்ளுக்கும் வெளியிலயும் அதுதான், கரையில இறங்கேக்க அதோட ஒரு ஃபோட்டோ ஐடியும் கொண்டுபோங்கோ. சில கப்பலில பாஸ்போட்டை வாங்கி வச்சிட்டுக் கடைசியிலதான் தருவாங்கள், பயப்பிடாத, ஆனா குடுக்க முதல் எல்லாற்ற பக்கத்தையும் போனில படமெடுத்து எனக்கும் ஒரு கொப்பி அனுப்பு.

எங்களுக்கும் கப்பல் ஆசை வந்திட்டுது, உங்கட அளவுக்கு இல்ல. காங்கேசன்துறையில இருந்து நாகபட்டினம் போற படகில ஒருக்காப் போய் வேளாங்கண்ணியும் பாத்திட்டு வருவம் எண்டு இவர் சொல்லுறார், 2023 ஒக்ரோபரில தொடங்கி இடையில நிண்டு பேந்து 2024 ஓகஸ்டில திரும்ப விட்டது. கடல் கொந்தளிச்சா நிப்பாட்டிடுவாங்கள், அதால மாசம் பாத்துத்தான் போகவேணும். அதுக்கும் பாஸ்போட்டும் இந்திய விசாவும் வேணும், என்ர பாஸ்போட்டில ஆறு மாசத்துக்கும் குறைவாத்தான் இருக்கு, நானும் பத்தரமுல்லைக்குத்தான்.

அன்ரியின்ர பெட்டியில 23 கிலோ, ரெண்டு பெட்டி. உனக்கு மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் கட்டி வச்சிருக்கிறன், கருவாடு வேணுமெண்டா சொல்லு, மணம் வெளிய வராமல் கட்டித்தர செட்டியார் தெருப் பக்கம் ஒரு கடை பிடிச்சு வச்சிருக்கிறன். கப்பல் பேரும் நிக்கிற ஊர்ப் பேரும் இந்தக் கிழமைக்குள்ள அனுப்பு, அன்ரியின்ர பேரை மாத்தினாப் பிறகு வாற புக்கிங் பேப்பரையும் அனுப்பு, நான் இஞ்ச பாஸ்போட்டோட வச்சு ஒத்துப் பாக்கிறன்.

அன்புடன்
சுமதி