ஒரே கட்டடத்தில் இருந்தால் இரண்டு டேட்டா காப்பியும் ஒன்றுதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலம் நெருங்கினால் தாழ்வான தெருக்களில் உள்ள கடைக்காரர்கள் சரக்கை மேல்தட்டுக்கு ஏற்றிவிடுகிறார்கள். கல்யாண ஸ்டுடியோக்களிலும் விளம்பரப்பட நிறுவனங்களிலும் பத்தாண்டு உழைப்பு அடங்கிய ஹார்டு டிஸ்க்குகள் மட்டும் மேசைக்கடியிலேயே கிடக்கின்றன. சென்னையின் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் இந்தப் பழக்கம் பல இடங்களில் மாறவில்லை.

முதலில் கணக்கு. வினாடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே வீடியோ எடுத்தால் மணிக்கு 45 ஜிகாபைட் ஆகும். வரவேற்பும் முகூர்த்தமும் சேர்த்து மூன்று கேமராக்கள் தலா 8 மணி நேரம் ஓடினால் ஒரு கல்யாணமே ஒரு டெராபைட்டைத் தாண்டிவிடும். ஆண்டுக்கு 30 கல்யாணம் என்றால் 32 டெராபைட். இதை அடுக்கடுக்காகப் போர்ட்டபிள் டிஸ்க் வாங்கிச் சமாளிக்க முடியாது. எதில் எது இருக்கிறது என்பதே ஆறு மாதத்தில் மறந்துபோகும்.

அடுத்து எல்லோரும் போவது நாஸ் பெட்டிக்கு, அதாவது பல டிஸ்க்குகளை அடக்கி நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டிக்கு. அந்த டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறைதான் ரெய்டு. நல்லதுதான், ஆனால் ரெய்டு பேக்கப் அல்ல. ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிற்காமல் ஓட வைப்பது மட்டுமே அதன் வேலை. தவறுதலாக அழித்த ஃபோல்டரும், பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் பூட்டிய ஃபைலும் எல்லா டிஸ்க்கிலும் அதே நொடியில் அப்படியே பதிந்துவிடும். நான்கு 12 டெராபைட் டிஸ்க்குகளை, ஒரு டிஸ்க் பழுதை மட்டும் தாங்கும் ரெய்டு 5-இல் போட்டால் 36 டெராபைட் கிடைக்கும். ஒன்று பழுதானால் மாற்று டிஸ்க்கை நிரப்பி முடிக்க, வினாடிக்கு 200 மெகாபைட் வேகம் சீராகக் கிடைத்தாலே 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எடிட்டிங்கும் கூடவே நடந்தால் நாள்கணக்கு. ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கிய மற்ற டிஸ்க்குகளுக்கும் அதே வயது. அந்த நேரத்தில் இரண்டாவதும் படுத்தால் மொத்தமும் போயிற்று. ஆகவே 24 டெராபைட்தான் மிஞ்சும் என்றாலும், இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 போடுங்கள். ரிச்சி தெருவில் வாங்கும்போது விலையோடு சேர்த்து டிஸ்க் தடங்களைத் தனித்தனியாக எழுதும் சிஎம்ஆர் வகையா, ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும் எஸ்எம்ஆர் வகையா என்றும் கேளுங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் இந்த மறுநிரப்பல் ஆமை வேகத்தில் நகரும், சில சமயம் பாதியில் நின்றும் போகும்.

நாஸ் பெட்டி முதல் மாடியிலோ அதற்கு மேலோ இருக்கட்டும். யூபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிளையும் அதில் செருகி வையுங்கள். கரண்ட் போய் பேட்டரி இறங்கும்போது பெட்டி தானாக அணைய அதுதான் வழி. அந்தக் கேபிளைப் பலர் யூபிஎஸ் வந்த அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதே இல்லை.

வேலை செய்யும் டிஸ்க், நாஸ் பெட்டி இரண்டும் போக, மூன்றாவது காப்பிதான் உண்மையான பேக்கப். அது இணைப்பில்லாத தனி டிஸ்க்கில், வேறு இடத்தில் இருக்க வேண்டும். வேளச்சேரி அலுவலகத்துக்கு மடிப்பாக்கம் வீடு மாற்றிடம் ஆகாது, ஒரே மழை இரண்டையும் எட்டும். கோவையிலோ திருச்சியிலோ நம்பகமான உறவினர் வீட்டு அலமாரி அதைவிட மேல். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணைத்துப் படித்துப் பாருங்கள். நீண்டகாலம் அலமாரியில் வைக்க, சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி ஏற்றதல்ல. மின்சாரமின்றிக் கிடந்தால் அதன் சேமிப்பு மெல்ல நீர்த்துப்போகும், வெக்கையில் இன்னும் வேகமாக. மொத்தம் 100 டெராபைட்டைத் தாண்டினால் எல்டிஓ எனும் காந்த நாடா டேப் பற்றி யோசிக்கலாம். அதன் ஒன்பதாம் தலைமுறையான எல்டிஓ-9 டேப் ஒன்றில் 18 டெராபைட் அடங்கும். டேப் மலிவு, அதை எழுதிப் படிக்கும் டிரைவ்தான் லட்சங்களில்.

‘எல்லாம் கிளவுடில் இருக்கிறது’ என்பவர்களுக்கு ஒரு கேள்வி: ஏற்ற எத்தனை நாள்? அப்லோடு வேகம் 100 மெகாபிட் என்றால் 32 டெராபைட்டுக்கு ஒரு மாதம் இரவு பகலாக ஓட வேண்டும். நீண்டகாலச் சேமிப்புக்கான மலிவான ஆர்க்கைவ் திட்டங்களில் திரும்ப எடுக்கத் தனிக் கட்டணம் உண்டு, அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவில் 12 முதல் 48 மணி நேரம் வரை காத்திருக்கவும் வேண்டும். கம்ப்யூட்டரில் உள்ளதை அப்படியே கிளவுடில் பிரதிபலிக்கும் வெறும் ‘சின்க்’ ஃபோல்டரில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். எனவே எடிட்டிங் முடிந்த வீடியோவும் ஆல்பத்துக்குத் தேர்ந்த படங்களும் மட்டும் கிளவுடுக்குப் போகட்டும், மூலக் காட்சிகள் டிஸ்க்கிலேயே இருக்கட்டும்.

மெமரி கார்டை இரண்டு டிஸ்க்குகளில் ஏற்றி, செக்சம் எனும், ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணை ஒத்துப்பார்க்கும் மென்பொருளால் சரிபார்த்த பிறகே ஃபார்மேட் செய்யுங்கள். ஃபைல் எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போனாலே உள்ளே இருப்பது சரி என்று பொருளல்ல. மூலக் காட்சிகளை எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள் என்பதை ரசீதிலேயே அச்சிட்டுவிட்டால் பின்னால் வாக்குவாதம் வராது.

இத்தனைக்கும் பிறகு டிஸ்க் நனைந்துவிட்டால் கரண்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள். அரிசியில் புதைப்பதும் ஹேர் டிரையரால் காய வைப்பதும் வேண்டாம். டிஸ்க்குக்குள் சேறு படிந்த தட்டு சுழன்றால் டேட்டா மீட்பு நிலையத்தாராலும் எடுக்க முடியாது. அணைத்தபடியே கொண்டு போய்க் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், சென்னை - 2