பி.பி. ஏறிய பிறகும் முழங்கால் தெளியாவிட்டால்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா ஆபரேஷன் முடிந்து நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று படித்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம்.

பி.பி. ஏறியும் உன் நோயாளி ஏன் தேறவில்லை என்று நீ கேட்டதற்கு வருகிறேன். செப்டிக் ஷாக்கில், அதாவது கடும் தொற்றால் (செப்சிஸ்) ரத்த அழுத்தம் சரிந்த நிலையில், ரத்தக்குழாயைச் சுருக்கும் நார்அட்ரினலின் மருந்து ஓடுகிறது, சராசரி ரத்த அழுத்தம் 65-க்கு மேல் நிற்கிறது. ஆனாலும் முழங்காலில் நீலத் திட்டு போகவில்லை, சிறுநீர் இறங்கவில்லை, திசு தவிப்பதைக் காட்டும் லாக்டேட் 4-லேயே நிற்கிறது. மேட்டூரைத் திறந்தும் கடைமடை காய்கிற கதைதான் இது. மானிட்டர் காட்டுவது பெரிய வாய்க்காலின் மட்டம். வயலுக்குள் தண்ணீர் பாய்ந்ததா என்று அது சொல்லாது.

தந்துகி என்ற மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் பலவற்றின் உள்விட்டம் சிவப்பணுவின் அகலத்தைவிடக் குறைவு. அணு மடங்கித்தான் உள்ளே நுழைய வேண்டும். செப்சிஸில் அது விறைத்துப்போகிறது. உள்சுவரைப் போர்த்தியிருக்கும் கிளைக்கோகேலிக்ஸ் என்ற மெல்லிய பூச்சும் உரிகிறது. உரிந்த இடத்தில் வெள்ளணு ஒட்டும், நீர் கசியும், சின்னச் சின்ன ரத்தக்கட்டிகள் சேரும். ஒரு தந்துகி அடைத்துக் கிடக்க, பக்கத்துத் தந்துகியில் ரத்தம் திசுவுக்கு எதையும் கொடுக்காமல் விரைந்து போய்விடும். மத்தியச் சிரை ஆக்சிஜன், அதாவது இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன், 80 சதவீதம் என்று வந்தால் நிம்மதி அடையாதே. லாக்டேட்டும் உயர்ந்திருந்தால், அது திசுவுக்குப் போய்ச் சேராமல் திரும்பி வந்த ஆக்சிஜனாக இருக்கலாம்.

2002-ல் பிரஸ்ஸல்ஸில் டி பேக்கர் குழுவினர் நாக்கின் அடியில் கேமரா வைத்து இதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். ரத்தக்குழாயை விரிக்கும் அசிட்டைல்கோலினை அங்கேயே இட்டதும் ரத்த ஓட்டம் திரும்பியது. அப்படியானால் எல்லாமே நிரந்தர அடைப்பு இல்லை. பெரும்பகுதி சுருங்கி விரியும் கட்டுப்பாடு கெட்டுப்போனதுதான். எனக்கு நம்பிக்கை தருவது இந்த ஒரு விஷயம்.

கேமரா இல்லாவிட்டாலும் விரல் இருக்கிறது. ஆள்காட்டி விரல் நுனியின் உட்பக்கத்தில் கண்ணாடி ஸ்லைடை வைத்து, தோல் வெளுக்கும் வரை அழுத்து. 10 விநாடி அப்படியே பிடித்து, விட்டுவிட்டு எண்ணு. நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேலானால் கோளாறு. அரை மணிக்கொரு முறை, அதே விரலில், அதே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஏசி குளிரில் சில்லிட்ட கை ஏமாற்றும். 2019-ல் வந்த ஆண்ட்ரோமெடா ஷாக் ஆய்வில், தென் அமெரிக்காவின் 5 நாடுகளில் 424 நோயாளிகளில் விரலைப் பார்த்துச் சிகிச்சை செய்த குழுவில் 28 நாளில் இறந்தவர்கள் 34.9 சதவீதம், லாக்டேட்டைப் பார்த்த குழுவில் 43.4. புள்ளியியல் எல்லையை நூலிழையில் தவறவிட்டது. ஆனாலும் செலவே இல்லாத ஒரு சோதனை இவ்வளவு தாக்குப்பிடித்ததே பெரிது.

இனி ஹார்மோன். அட்ரினல் சுரப்பி தரும் கார்டிசால் இருந்தால்தான் ரத்தக்குழாய் நார்அட்ரினலினுக்குச் செவிசாய்க்கும். குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு அளவு மீறாமல் அடக்குவதும் அதுதான். கடும் செப்சிஸில் கார்டிசாலை ஏந்திச் செல்லும் புரதம் குறைகிறது, கல்லீரலும் சிறுநீரகமும் அதைச் சிதைப்பது மந்தமாகிறது, திசுவின் ஏற்பிகளும் மழுங்குகின்றன. ரத்தத்தில் அளவு நிறையத் தெரியும், வேலை நடக்காது. அதனால் கார்டிசால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதே. நார்அட்ரினலின் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மைக்ரோகிராமைத் தொட்டு 4 மணி நேரம் ஆகிவிட்டால் கார்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு 50 மில்லிகிராம், 6 மணிக்கொரு முறை. 60 கிலோ ஆளுக்கு, 4 மில்லிகிராமை 50 மில்லியில் கலந்த சிரிஞ்சு மணிக்கு 11 மில்லிக்குச் சற்று மேல் ஓடுகிறதென்றால் அந்த அளவை எட்டிவிட்டாய் என்று பொருள்.

2018-ல் ஹைட்ரோகார்ட்டிசோன் பற்றி வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், ‘அட்ரினல்’ என்று பெயரிட்ட ஆய்வு உயிரிழப்பில் வித்தியாசம் காட்டவில்லை. ஃபுளூட்ரோகார்ட்டிசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு 50 மைக்ரோகிராமையும் மூக்குக் குழாய் வழியே சேர்த்த பிரெஞ்சு ஆய்வு காட்டியது. இரண்டிலுமே ஷாக் சீக்கிரம் விலகியது. ஷாக் நீங்குகிற ஒவ்வொரு மணியும் விரல்களுக்கும் குடலுக்கும் லாபம் என்பதால் நான் தயங்காமல் கொடுப்பேன். சர்க்கரை ஏறும், 180-ஐத் தாண்டினால் இன்சுலின் போடு, ஆனால் 110-க்குக் கீழே கொண்டுவரத் துரத்தாதே. 2009-ல் நைஸ் சுகர் ஆய்வில் அப்படித் துரத்திய குழுவில்தான் அதிகம் பேர் இறந்தார்கள்.

ஒன்றை மறக்காமல் கேள்: நோயாளி மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாரா? பல நேரம் அது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டாக இருக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டவரின் அட்ரினல் தூங்கிப்போயிருக்கும். அவருக்கு 4 மணி நேரம் பார்க்காதே, முதல் மணியிலேயே ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போடு, பிறகும் திடீரென்று நிறுத்தாதே. மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தும் வேண்டாம். ஒரே டோஸ் கார்டிசால் உற்பத்தியை ஒரு நாள் வரைகூட அடக்கிவைக்கும். கெட்டமின் போதும்.

ரத்தக்குழாயைச் சுருக்கும் இன்னொரு ஹார்மோனான வாசோபிரசினும் இதே கதைதான். ஆரம்பத்தில் பிட்யூட்டரி கொட்டிவிடுகிறது, பிறகு இருப்பு தீர்ந்துவிடுகிறது. நிமிடத்துக்கு 0.03 யூனிட்: 20 யூனிட்டை 50 மில்லியில் கலந்தால் மணிக்கு 4.5 மில்லி. அதற்கு மேல் ஏற்றினால் விரல் கறுக்கும். டி3 என்ற தைராய்டு ஹார்மோன் குறைந்திருந்தால் விட்டுவிடு, அதற்குத் தைராய்டு மாத்திரை கொடுக்கத் தேவையில்லை.

உன் பக்கம் மழையும் பனியும் சேரும் மாதங்களில் வரும் ஸ்க்ரப் டைபஸை, அதாவது சிறு உண்ணி கடித்துப் பரவும் காய்ச்சலை, நினைவில் வை. அந்தக் கிருமி ரத்தக்குழாயின் உள்சுவர்ச் செல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. நுண்குழாய் நோய்க்கு அதைவிட நேரடியான காரணம் வேண்டுமா! அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடி என்று மடிப்பு மடிப்பாகத் தேடு, கடித்த இடம் சிகரெட் சுட்ட வடுபோல் கறுப்பாக இருக்கும். தீவிர நிலையில் டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் இரண்டையும் சிரை வழியே 7 நாள் கொடு. இன்ட்ரெஸ்ட் ஆய்வில் இந்த ஜோடி தனித்தனி மருந்தைவிட நன்றாகக் கேட்டது.

அடுத்த கேஸ் வந்தால் முழங்கால் திட்டு எத்தனை மணி நேரத்தில் சுருங்கியது, ஸ்டீராய்டு எப்போது தொடங்கினாய் என்று இரண்டையும் குறித்து எழுது. அப்பாவுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
பாலா