பார்க்கின்சன் வினாப்பட்டியலைப் போர்ச்சுகீசியத்துக்குக் கொண்டுவருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வுக் குழுவினருக்கு,

வணக்கம். பார்க்கின்சன் நோயின் அறிகுறிகளைக் கேட்டறியும் வினாப்பட்டியல்களைப் போர்ச்சுகீசிய மொழியில் ஆக்கி, அவற்றின் நம்பகத்தன்மையையும் ஏற்புடைமையையும் சோதித்துவரும் பிரேசில், போர்ச்சுக்கல் நாடுகளின் நரம்பியல் துறையினருக்கு, மருத்துவப் புள்ளியியலில் பணியாற்றும் ஒருவர் எழுதும் மடல் இது. என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களிடம் வாய்மொழியாகக் கேட்டு, அந்த முறையிலும் பட்டியலைச் சோதித்த பிறகே அது சரிபார்க்கப்பட்டது என்று அறிவிக்க வேண்டுகிறேன்.

2006ஆம் ஆண்டு வெளிவந்த, அசைவு சாராத அறிகுறிகளுக்கான வினாப்பட்டியலை எடுத்துக்கொள்வோம். கடந்த ஒரு மாதத்தில் இன்னின்ன தொல்லை இருந்ததா என்று கேட்கும் 30 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்பதே விடை. நடுக்கமும் தசை விறைப்பும் மருத்துவரின் கண்ணுக்கும் கைக்கும் எளிதில் புலப்படும். மலச்சிக்கல், மணம் தெரியாமை, சிறுநீர் கழிக்க இரவில் பலமுறை எழுவது, கனவுக்கேற்பக் கை கால்களை வீசுவது, இல்லாத உருவங்கள் கண்ணில் படுவது ஆகியவையோ கேட்டால்தான் வெளிவரும். ஆங்கிலேய மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோய் பற்றி 1817இல் எழுதிய கட்டுரையிலேயே மலச்சிக்கலும் உறக்கக் கேடும் பேசப்பட்டிருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், நோயாளியிடம் இவற்றை ஒன்றுவிடாமல் கேட்பதற்கு ஒரு பட்டியல் கிடைக்க எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது என்பது விளங்கும்.

இப்பட்டியல் நோயாளி தாமே படித்து நிரப்புவதற்காக ஆக்கப்பட்டது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பிரேசிலின் 2022ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது; பார்க்கின்சன் நோய் பெரிதும் தாக்குவதும் முதியவர்களைத்தான். படிக்கத் தெரிந்தவர்களிலும் கை நடுக்கத்தால் எழுதுகோலைப் பிடிக்க இயலாதவர்கள் உண்டு. ஆகவே மகளோ மனைவியோ செவிலியரோ கேள்வியைப் படித்துச் சொல்ல, நோயாளி விடை சொல்வது பல இடங்களில் தவிர்க்க முடியாததாகிறது. அப்போது சோதிக்கப்பட்ட கருவி வேறு, பயன்படும் கருவி வேறு என்றாகிவிடுகிறது. பாலுறவு பற்றிய இரண்டு கேள்விகளுக்கும், மலம் அடக்க முடியாமை பற்றிய கேள்விக்கும், மகள் வாய்விட்டுப் படிக்கும்போது கிடைக்கும் 'இல்லை' எத்தகைய 'இல்லை' என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கடைசிக் கேள்வி இன்னும் நுட்பமானது: உண்மையன்று என்று மற்றவர்கள் சொல்லும் ஒன்று தமக்கு நேர்வதாக நோயாளி நம்புகிறாரா என்று அது கேட்கிறது. அந்த 'மற்றவர்களில்' ஒருவரே கேள்வியைப் படித்துக்கொண்டிருந்தால் நேர்மையான விடையை எப்படி எதிர்பார்ப்பது?

இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பது, இரண்டையும் ஒன்றாக்குவது, மூலத்தை அறியாதவர்கள் மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்ப்பது, வல்லுநர் குழு ஒப்பிடுவது, 30 அல்லது 40 பேரிடம் முன்சோதனை நடத்துவது என்ற வழக்கமான படிகளில் எனக்குக் குறை எதுவும் இல்லை. அந்த 30 பேர் யார் என்பதுதான் என் கேள்வி. பெருநகரப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வருவோர், அவர்களிலும் படிவத்தைத் தாமே படிக்கக் கூடியவர்கள் என்று வடிகட்டிச் சேர்த்தால், மொழிபெயர்ப்பு புரிகிறது என்ற முடிவு முன்பே எழுதப்பட்டதாகிவிடும்.

எண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குரான்பாக் ஆல்ஃபா (ஒரு பட்டியலின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண்) 0.70ஐத் தாண்டியது என்பதைச் சான்றாகக் காட்டும் வழக்கம் இத்தகைய பட்டியலுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. மலச்சிக்கலும் இரட்டைப் பார்வையும் கால் வீக்கமும் ஒரே பண்பின் பல முகங்கள் அல்ல. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தவறு. (ஆய்விதழ்களின் மதிப்பீட்டாளர்கள் கேட்பதால்தான் பலர் இதைச் சேர்க்கிறார்கள் என்பது என் ஐயம்.) ஒவ்வொரு கேள்விக்கும் கிடைத்த விடை, நோயாளியிடம் தனியே பேசிய மருத்துவரின் முடிவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதையும், சில நாள் இடைவெளியில் மீண்டும் கேட்டால் கப்பா அளவு (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு, இரு முறை விடைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண்) என்ன என்பதையும் தாருங்கள். இரண்டு முறையும், இந்நோய்க்குத் தரப்படும் லெவோடோப்பா மாத்திரை உண்ட பிறகு ஏறக்குறைய அதே நேரத்தில் கேட்பது நல்லது. மருந்தின் வீச்சு குறையும்போது அச்சமும் வியர்வையும் வலியும்கூடக் கூடிவிடுகின்றன.

பிரேசில் பதிப்பு போர்ச்சுக்கல் தலைநகர் லிஸ்பனுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. முதியவரை மரியாதையாக விளிக்கும் முறைகூட இரு நாடுகளிலும் வேறு. ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கில் போர்ச்சுகீசியம் ஆட்சிமொழியாக இருந்தும் பெரும்பாலோருக்குத் தாய்மொழி அன்று; அங்கே சுகாதாரப் பணியாளர் வாய்மொழியாகக் கேட்பதே நடைமுறைக்கு ஏற்றது என்பதால், என் கோரிக்கை அங்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

பள்ளிப் படிப்பு இல்லாதவர்களையும் குறைவாகப் படித்தவர்களையும் போதிய அளவில் சேர்த்து, பாதிப் பேரிடம் பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் உறவினர் இல்லாத தனியறையில் கேள்விகளைப் படித்துக் கேட்கட்டும். மறுபாதியினரிடம் உறவினரே கேட்கட்டும். எந்தப் பாதியில் யார் என்பது குலுக்கல் முறையில் அமைந்தால், வேறுபாடு எந்தக் கேள்விகளில் வருகிறது என்பது தெரிந்துவிடும். விடையளிக்காமல் விடப்பட்ட கேள்விகளின் எண்ணிக்கையையும் கேள்விவாரியாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மருத்துவப் புள்ளியியல் பணியாளர் ஒருவர்