ஜெபக் குறிப்பு ஊர்ச் செய்தியாக வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துன்பத்தில் இருப்பவருக்காகச் சபையார் கூடி ஜெபிப்பது கிறிஸ்தவர்களிடையே தொடக்கக் காலம் முதல் இருந்துவரும் நல்ல வழக்கம். இயேசுவின் சீடரான பேதுரு சிறையில் கிடந்தபோது அவருக்காகச் சபையார் ஊக்கத்தோடு ஜெபித்ததை வேதாகமத்தில் அப்போஸ்தலருடைய நடபடிகள் என்ற நூலின் 12-ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்த அன்பைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால் அதே அன்பின் பெயரால் ஒருவருடைய அந்தரங்கம் அவரைக் கேட்காமலே நாலு பேருக்குத் தெரிந்துவிடுவதும் பல சபைகளில் நடந்துவருகிறது. தங்கள் நாளிதழுக்குப் பல சபைகளிலும் வாசகர்கள் இருப்பார்கள் என்பதால் இதை எழுதத் துணிந்தேன்.

தம் உடம்பில் ஒரு கட்டி இருப்பதாக மருத்துவர் சொன்னதை ஒரு சகோதரி தமக்கு நெருங்கிய ஒருவரிடம் மட்டும் கண்ணீரோடு சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “கட்டாயம் ஜெபிக்கிறேன்” என்று கையைப் பிடித்துச் சொன்னவர், அன்று மாலையே சபையின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய பெயர், நோய், மருத்துவமனை, அறுவை சிகிச்சை நாள் என அனைத்தையும் ஜெபக் குறிப்பாகப் பதிந்துவிடுகிறார். அதன் கீழே ஆமென்களும் கூப்பிய கைகளும் வரிசைகட்டுகின்றன. பரிசோதனை முடிவே இன்னும் வந்திருக்காது; பெற்ற பிள்ளைகளிடம்கூட அந்தத் தாய் இதைச் சொல்லியிருக்கமாட்டார். பதிந்தவரின் மனத்தில் சிறிதும் வஞ்சகம் இல்லை என்பதை நான் நம்புகிறேன். ஆயினும் அந்தச் சகோதரி அடுத்த முறை தம் பாரத்தை எவரிடமும் இறக்கிவைக்கமாட்டார்.

குழந்தையில்லாத தம்பதியரின் நிலை இதைவிடக் கடினமானது. ஆராதனை தோறும் ஒலிபெருக்கியில் தங்கள் பெயரும் குறையும் வாசிக்கப்பட, அத்தனை தலைகளும் தங்கள் பக்கம் திரும்புவதை அவர்கள் குனிந்த தலையோடு தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேதாகமத்தில், குழந்தைக்காக ஏங்கிய அன்னாள் என்ற பெண் ஆலயத்தில் உதடுகள் மட்டும் அசைய, சத்தம் கேளாதபடி ஜெபித்தாள். அவள் குடித்திருக்கிறாள் என்று முதலில் தவறாக எண்ணிய ஆசாரியனாகிய ஏலி, அவள் மனக்கிலேசத்தை அறிந்ததும் சமாதானத்தோடே போகச் சொல்லி, அவள் கேட்டதை தேவன் அருள வேண்டும் என்று வாழ்த்தினான். அவள் கேட்டது என்ன என்று அவன் விசாரித்ததாக வேதத்தில் ஒரு வரியும் இல்லை. விவரம் தெரியாமலும் ஒருவருக்காக மனதார மன்றாட முடியும் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டுமா?

அப்போஸ்தலனாகிய பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் வரும், அவருக்கு உதவ அந்தச் சபை அனுப்பிவைத்த எப்பாப்பிரோதீத்துவையும் நினைத்துப் பார்க்கலாம். மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டிருந்த அவர், தம் நோயைப் பற்றிச் சபையார் கேள்விப்பட்டுவிட்டார்களே என்று மிகவும் வியாகுலப்பட்டதாகப் பவுல் எழுதுகிறார். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்று யாக்கோபு 5:14 சொல்லும்போதும், அழைக்கும் உரிமை நோயாளியிடமே இருக்கிறது.

எல்லாவற்றையும் மறைத்து வைத்தால் மனிதர் தனித்துப் போய்விடமாட்டாரா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அழுகிறவர்களுடனே அழ வேண்டுமானால், அவர்கள் அழுவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனவே, தாமே முன்வந்து சபையாரின் ஜெபத்தைக் கேட்பவரை எவரும் தடுக்க வேண்டியதில்லை. எவ்வளவு சொல்வது, யாரிடம் சொல்வது என்பது மட்டும் அவர் கையில் இருக்கட்டும். மருத்துவமனையில் போய்ப் பார்ப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஆண்டவருக்கே தெரியாததைத் தெரிவிப்பதுபோல ஸ்கேன் அறிக்கையின் விவரங்களையெல்லாம் சிலர் உரத்த குரலில் ஜெபத்திலே ஒப்பிக்கிறார்கள்; அடுத்த கட்டிலில் இருப்பவருக்குத்தான் அது புதுச் செய்தி. நோயாளி களைத்திருக்கும் வேளையில் இரண்டு நிமிட ஜெபமே போதும். மீதி நேரத்தில் மருந்துக் கடைக்குப் போய்வரலாம். இரவெல்லாம் கண்விழித்த துணையாளரைச் சற்று உறங்கச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் நாம் அமரலாம்.

ஆயர்களுக்கும் ஜெபக் குழுக்களை நடத்துவோருக்கும் என் வேண்டுகோள் இதுதான். ஒருவருடைய பெயரை அறிவிக்கும் முன், “உங்கள் பெயரைச் சொல்லலாமா, எந்த அளவுக்குச் சொல்லலாம்?” என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். அவர் தயங்கினால், “சுகவீனமாயிருக்கும் ஒரு சகோதரிக்காக” என்றாலே போதும். நோய் குணமாகிப் பல மாதங்கள் ஆன பின்னும் பலருடைய கைப்பேசிகளில் இருந்துகொண்டிருக்கும் பழைய குறிப்புகளையும், உரியவர் கேட்கும்வரை காத்திராமல் நீக்கிவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திருச்சபை உறுப்பினர் ஒருவர்